இரண்டு வீட்டுக்கும் ஒரே தகடு

கண்ணு,

போனில் சித்தப்பா பேச்சை எடுத்தாலே "அம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமைகூட உனக்கு மீட்டிங் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நீ பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அதிலேயேதான் இருக்கும், எப்போதாவது எடுத்துப் படிப்பாய். கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்கு இப்போது தெம்பு இல்லை. ஆயுத பூஜை லீவுக்கு நீ பூனாவிலிருந்து வரும்போது உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்திருக்கும். சாமிக்கு வைத்த கையோடு, முதல் பத்திரிகையை நீயே கொண்டுபோய்ச் சித்தப்பா வீட்டில் வைக்க வேண்டும். கூரியரில் அனுப்பு, வாட்ஸ்அப்பில் போடு என்றெல்லாம் சொல்லாதே. பக்கத்து வீட்டுக்குக் கூரியர் அனுப்பினவன் என்று பாகலூர் முழுக்கச் சிரிக்கும். நீ போகாவிட்டால் ஐப்பசி மழைக்கு நம் சுவர் தாங்காது. கல்யாணப் பத்திரிகைக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறாய்? சொல்கிறேன்.

உனக்கும் வரப்போகிற மருமகளுக்கும் என்று ஒதுக்கி வைத்திருக்கிற கிழக்கு அறையைப் பற்றி இதுவரை உன்னிடம் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு தடவை பெயின்ட் அடித்தாயிற்று. இரண்டு தடவையும் அப்பளம் மாதிரி பொரிந்து உதிர்ந்துவிட்டது. பீரோவைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டிருக்கிறேன், அதன் முதுகெல்லாம் துரு. சுவிட்சைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறது, அதனால் அந்தப் பக்கத்து போர்டுக்கே கரண்ட் வராமல் அப்பா பியூசைப் பிடுங்கிவிட்டார். கூரைக்குக் கீழே சுவர் உள்பக்கமாகக் கொஞ்சம் புடைத்திருக்கிறது. கைவைத்துப் பார்த்தால் வெயில் காலத்திலும் சில்லென்று இருக்கிறது. அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு சாண் சந்து. சந்தைத் தாண்டினால் சித்தப்பாவின் சுவர், அதுவும் இதே லட்சணத்தில்தான் இருக்கிறது. சாய்ந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் சாயும். இதில் மட்டும் அண்ணன் தம்பிக்குள் ஒற்றுமை.

அந்தச் சந்து வந்த கதை உனக்குத் தெரியும், ஆனால் நீ அப்போது பள்ளிக்கூடப் பையன், உனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் சத்தம்தான். தாத்தா கட்டிய ஒரே வீட்டை இரண்டாக அறுத்தார்கள். பாகம் பிரிந்தவர்கள் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வாழக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். அதனால் பழைய வீட்டை இடித்துவிட்டு, கோட்டுக்கு இந்தப்பக்கம் அரைச் சாண் இவர் விட்டார், அந்தப்பக்கம் அரைச் சாண் அவர் விட்டார், ஆளுக்கு ஒரு மெத்தை வீடு எழுப்பினார்கள். ஆள் நுழைய முடியாது, துடைப்பம் நுழையாது, பூனைகூட யோசித்துத்தான் போகும். அப்படி ஒரு சந்து. சர்வேயர் வந்து அளந்த அன்றைக்குத்தான் உன் சித்தப்பா தெருவே கேட்கும்படி "எங்கண்ணன் கல்லை நவுத்திட்டான்" என்று சொன்னார். எல்லைக் கல் நகர்ந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜேசிபி வந்து போன இடம் அது. ஆனால் அப்பா அன்றைக்கு வாயை மூடியவர்தான், தம்பியிடம் இன்னும் திறக்கவில்லை.

வாயைத் திறக்காதவர் வேறு வழியில் பேசினார். மொட்டை மாடிக்கு ஷீட் கூரை போட்டோமே, அப்போது முனிராஜ் என்ற ஷீட் வேலைக்காரன் வந்து, "அண்ணா, தண்ணி வாட்டத்தத் தெருப் பக்கம் குடுங்க, பைப்பு வெச்சு எறக்கிடலாம்" என்றான். அப்பா கேட்கவில்லை. "சந்துப் பக்கம் விடு" என்றார். சந்துப் பக்கம் என்றால் தம்பி பக்கம். கைப்பிடிச் சுவர் தலையில் ஈரம் இறங்காமல் இருக்க ஓரத்துக்குத் தகடு மடித்து அடிப்பார்கள், முனிராஜ் அதை ஃபிளாஷிங் என்பான். அந்தத் தகட்டைச் சுவரைத் தாண்டி நாலு விரற்கடை நீட்டச் சொன்னார், தண்ணீர் நம் சுவரில் படாமல் எதிர்ச் சுவரில் போய் விழட்டும் என்று. மறு வருஷம் சித்தப்பாவும் ஷீட் போட்டார். அவரும் வாட்டத்தைச் சந்துப் பக்கமே விட்டார். அவருடைய தகடு ஐந்து விரற்கடை நீண்டது. உடனே அப்பாவும் நம்முடையதைக் கழற்றி ஐந்து விரற்கடையாக்கினார். இரண்டு தகடுகளும் நாக்கை நீட்டிக்கொண்டு எதிரெதிரே நிற்கின்றன, நடுவில் ஒரு கட்டைவிரல் இடைவெளி. இரண்டு கூரைத் தண்ணீரும் அந்த இடைவெளியில்தான் இறங்குகிறது. ஒருவர் சுவரை ஒருவர் நனைக்கிறோம் என்று நினைத்து, ஆளாளுக்குத் தன் சுவரையும் சேர்த்தே ஊறவைத்தார்கள். முதல் மழையில் தண்ணீர் அந்தப் பக்கம் அடித்தபோது எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

உனக்கும் இனிமேல் ஒரு வீடு, ஒரு கூரை என்று ஆகப்போவதால் ஒன்று சொல்லி வைக்கிறேன். வீட்டின் நடுவில் மழை ஒன்றும் செய்யாது, அது ஓரத்தில்தான் வேலையைக் காட்டும். தகட்டைச் சுவர்மேல் சும்மா ஒட்டவைத்து திருகாணி போட்டு, மேலே சிலிக்கான் பூசிவிட்டால் முதல் வருஷம் அழகாக இருக்கும். நம் ஊர் வெயிலில் அந்தப் பூச்சு காய்ந்து வெடிக்கும், தகட்டுக்குப் பின்னாலேயே தண்ணீர் இறங்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. சுவரில் காடி என்று நீளமாக ஒரு பள்ளம் வெட்டி, தகட்டின் மேல்விளிம்பை அதற்குள் சொருகி, சிமெண்டு வைத்து மூட வேண்டும். அதற்குச் சுவரை அறுக்க வேண்டும், தூசி பறக்கும், இரண்டு நாள் வீடு நாசமாகும், அதனால் யாரும் செய்வதில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் வருகிற மனத்தாங்கலும் இப்படித்தான் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நீ "அம்மா, ஆரம்பிச்சிட்டியா" என்பாய், விட்டுவிடுகிறேன்.

போன மாதம் நடந்ததைக் கேள். அன்றைக்கு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அப்பா கேட் டியூட்டிக்குப் போயிருந்தார், ரிட்டயர் ஆன பிறகும் அந்த செக்யூரிட்டி நாற்காலியை விடமாட்டேன் என்கிறார். சித்தப்பா இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியில் இருந்தார். நான் ரோஜாத் தோட்டத்துப் பாலிஹவுஸில் பூத் தரம் பிரிக்கிற கிரேடிங் முடித்து அப்போதுதான் வந்து காலை நீட்டினேன். மழை பிடித்த கொஞ்ச நேரத்தில் கிழக்கு அறையில் சுவரோடு தண்ணீர் வழிய ஆரம்பித்தது. சாக்கைப் போட்டேன், பழைய வேட்டியைப் போட்டேன், பக்கெட் வைத்தேன். துடைத்துப் பிழிந்து, துடைத்துப் பிழிந்து, என் முட்டி இரண்டும் போதும் என்றன. அப்போது சுவருக்கு அந்தப்பக்கமும் பக்கெட் இழுக்கிற சத்தம் கேட்டது. உன் சின்னம்மா ரத்னாவும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறாள். எனக்கு என்ன தோன்றியதோ, தக்காளி மூட்டைக்குப் போடுகிற நீலத் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். அவளும் ஏறி வந்திருந்தாள்.

"அக்கா, உங்க வூட்லயும் எறங்குதா?" என்றாள்.

"எறங்காம? ஒங்கூட்டுத் தண்ணியும் சேந்துல்ல வருது" என்றேன்.

"உங்கூட்டுத் தண்ணி எனக்கு வருது, எங்கூட்டுத் தண்ணி உங்களுக்கு வருது. தொடச்சித் தொடச்சி சாக்காய்த்து அக்கா, சாக்காய்த்து" என்றாள். மாலூர்ப் பெண் இல்லையா, களைத்துப் போனால் கன்னடம் தானாக வந்துவிடும். போதும் போதும் என்றாகிவிட்டது என்று அர்த்தம். எனக்கும் அதேதான், அவள் மொழியில் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஷீட்டுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே கை நுழைகிற இடம் இருக்கிறதல்லவா, அதன் வழியாக நான் தார்ப்பாயின் ஒரு முனையை நீட்டினேன், அவள் பிடித்துக்கொண்டாள். நம் சுவர் தலையில் நான் செங்கல் வைத்தேன், அவள் சுவர் தலையில் அவள் வைத்தாள். நடுவில் தார்ப்பாய் கொஞ்சம் தொய்ந்து தொட்டில் மாதிரி ஆனது. இரண்டு கூரைத் தண்ணீரும் அதில் விழுந்து, சந்துக்குள் இறங்காமல், நேராகத் தெருச் சாக்கடைக்கு ஓடியது. நாங்கள் இரண்டு பேரும் நனைந்துகொண்டே அதைப் பார்த்தபடி நின்றோம். கீழே வந்து பார்த்தேன். சுவரில் வழிவது நின்றிருந்தது. எத்தனை வருஷமாக நிற்காதது கண்ணு, ஒரு தார்ப்பாயில் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் அப்பா வந்தார். மாடிக்குப் போனார். "இது யாரு கட்டுனது?" என்று மேலிருந்தே கேட்டார். நான்தான் என்றேன். "அந்தப் பக்கம் செங்கல் வெச்சது யாரு?" என்றார். கேட்டுக்கொண்டே இறங்கி வந்தார். கோஸ் அறுக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். சந்துக்கு நேர் மேலே, கோடு கிழித்தது போல, தார்ப்பாயை இரண்டாக அறுத்தார். நம் பாதியைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்தார். தார்ப்பாய் முழுக்க நம்முடையது, தெரியுமா? ஆனாலும் அந்தப் பக்கம் விழுந்த பாதியை அவர் தொடவில்லை. அது தம்பி எல்லையாம். மறுநாள் ரத்னா அந்தப் பாதியைக் காயவைத்து மடித்து, நம் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு நான் அப்பாவுக்குச் சோறு போட்டேனே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் அது உறைத்ததா என்று தெரியவில்லை. அடுத்த மழையில் இரண்டு வீட்டிலும் பழையபடி பக்கெட் சத்தம்தான்.

நானும் ரத்னாவும் முனிராஜைக் கூப்பிட்டு மாடியைக் காட்டினோம். அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். இரண்டு பக்கத்துத் தகட்டையும் வெட்டிக் குறைத்துவிட்டு, சந்தின் தலை முழுக்க மூடுகிற மாதிரி ஒரே தகட்டைத் தொட்டிபோல் மடித்து, இரண்டு சுவரிலும் காடி வெட்டிச் சொருகி, தெருப் பக்கம் வாட்டம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றான். எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் பாலிஹவுஸில் ஒரு பிளாஸ்டிக் கூரை வளைவும் அடுத்த வளைவும் சேருகிற இடத்தில் அப்படித்தான் நடுவில் ஒரு தகரக் கால்வாய் ஓடும். இரண்டு பக்கத்து மழையும் அதில்தான் இறங்கும், கீழே ரோஜா நனையாது. ஆனால் முனிராஜ் ஒரு கண்டிஷன் போட்டான். "யக்கா, நீங்க ரெண்டு பேரும் சொன்னாப் பத்தாது. அண்ணனும் தம்பியும் வந்து நின்னு ஆவட்டும்னு சொல்லட்டும், அப்பதான் செவுத்துல மிஷின் வெப்பேன். நாளைக்கிப் பஞ்சாயத்துல என்ன நிக்க வெக்காதீங்க." அவனைக் குறை சொல்ல முடியாது. தார்ப்பாய்க்கு நேர்ந்தது அவன் காதுக்கும் போயிருக்கிறது.

ரத்னா அவள் வீட்டில் பேச்சை எடுத்திருக்கிறாள். அதற்குச் சித்தப்பா, "அவன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிக இல்லியாம், தகடு மட்டும் சேந்து போடணுமா? பையன் வந்து சித்தப்பான்னு கூப்புடட்டும், செவுத்தயே ஒடைக்கச் சொன்னாலும் ஒடைக்கிறேன்" என்றாராம். நான் இதை அப்பாவிடம் சொன்னேன். "அந்த வூட்டுக்குப் பத்திரிக கெடையாது" என்றார். உன்னிடம் சொல்ல வந்தேன், உனக்கு மீட்டிங். அப்பாவை மாற்ற என்னால் ஆகாது. கல் விஷயத்தில் பழி சுமந்தவர் அவர், அந்த வாசலை அவரே முதலில் மிதிக்க வேண்டும் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் உனக்கு என்ன கண்ணு? அன்றைக்கு அளந்தது உன்னையா? அந்தச் சண்டையை நாங்கள் உன் பேரில் எழுதி வைக்கவில்லை, நீயாகத்தான் எடுத்து வைத்துக்கொண்டாய்.

சின்ன வயதில் நீ சித்தப்பா ஷிப்ட் முடிந்து வருகிறவரை வாசலை விட்டு நகர மாட்டாய். ஃபவுண்டரி கேன்டீனில் என்ன கொடுத்தாலும், ஆறிப்போன போண்டாவாக இருந்தாலும், டிபன் பாக்ஸில் போட்டு உனக்குக் கொண்டுவருவார். நீ அதை நின்றபடியே தின்றுவிட்டு, கரி படிந்த அவர் சட்டையில் வாயைத் துடைப்பாய். வீடு பிரிந்த பிறகு ஒரு ஆயுத பூஜைக்கு, கம்பெனியில் கொடுத்த ஸ்வீட் பாக்ஸைப் பிரிக்காமல் நம் மதில்மேல் வைத்துவிட்டுப் போனார். நீதான் அதை எடுத்துத் தெருவில் வீசினாய். அப்பாகூட உன்னை வீசச் சொல்லவில்லை. "எதுக்குடா வீசுன?" என்று அன்றைக்கு அவர் உன்னைத் திட்டினார், நினைவிருக்கிறதா? அப்பாவுக்காகத்தான் வீசினேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அவர் அன்றைக்கு முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை.

எனக்கு அலுத்துவிட்டது. பெரிய வருத்தம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், வெறும் அலுப்பு. இந்த வீட்டுக்கு வாழ வந்தவள் நான், ரத்னாவும் வாழ வந்தவள். கூடப் பிறந்தவர்கள் முறைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள், துடைப்பது நாங்கள். நாளைக்கு அந்தப் பெண்ணும் இந்த வீட்டுக்கு வருவாள். அவள் கையிலும் ஒரு பக்கெட்டைக் கொடுத்து, இதுதான் நம் வீட்டு வழக்கம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கல்யாணத்தைப் பற்றி உனக்குப் புத்தி சொல்ல வேறு எதுவும் என்னிடம் இல்லை. உன் ரோஷத்துக்கு அவளைத் துடைக்க விடாதே, அது போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்தால் கோபிப்பார். ஆனாலும் சொல்கிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும். தார்ப்பாயை அறுத்ததற்குப் பிறகு அவர் படுக்கையைக் கிழக்கு அறைக்கு மாற்றிக்கொண்டார். அங்கே ஈரம், ஃபேன்கூட ஓடாது. கேட்டால் "இங்க காத்து நல்லா வருது" என்றார். வயதான காலத்தில் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று விட்டுவிட்டேன். சித்தப்பாவுக்கு ஃபவுண்டரித் தூசியில் இருமல் முற்றியிருக்கிறது. அந்தச் சந்தில் தண்ணீர் மட்டுமல்ல, சத்தமும் இறங்கும். விடியற்காலையில் அவர் இருமுவது இந்தச் சுவரோரம் படுத்தால் நன்றாகக் கேட்கும். போன வாரம் ஒருநாள் காலையில் நான் காபி கொண்டுபோனேன். அப்பா எழுந்து உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா, இன்னிக்கி சத்தத்தயே காணோம்?" என்றார்.

"என்ன சத்தம்?" என்றேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பாமலே, "ரத்னா கிட்டப் போயி சும்மா வெசாரி. நான் கேட்டேன்னு சொல்லாத" என்றார். காபியைத் தொடவில்லை. நான் போய் விசாரித்தேன். மாலூரில் ஒரு சாவுக்கு முந்தின நாளே போயிருக்கிறார், இன்றைக்கு ராத்திரி வந்துவிடுவார் என்றாள். வந்து சொன்னேன். "ஓ" என்றார், அவ்வளவுதான். மறுநாள் காலையில் அந்தப்பக்கம் இருமல் கேட்டது. அப்பா இரண்டாவது டம்ளர் காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

அதனால் நீ வா கண்ணு. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் நான் எடுத்து வைத்திருப்பேன். அப்பா உன்னோடு வரமாட்டார், அவரைக் கூப்பிடாதே, தடுக்கவும் மாட்டார். உள்ளே போய் உட்காரு, ரத்னா கொடுப்பதைச் சாப்பிடு. சித்தப்பா எந்த அறையில் இருந்தாலும் நீ சுவரோரமாக வந்து உட்கார்ந்துகொள். கொஞ்சம் சத்தமாகவே பேசு. இந்தப் பக்கம் உன் அப்பா கேட்டுக்கொண்டிருப்பார்.

அம்மா